பவர் வீல்சேர் சிமுலேட்டரில் பழக்கும்போது

மெய்நிகர் சிமுலேட்டரில் பவர் வீல்சேர், அதாவது மோட்டாரில் ஓடும் சக்கர நாற்காலி, ஓட்டப் பழக்குவதில் பாதி வேலை, கண்முன் திரை வரும்படி தலையில் மாட்டும் ஹெட்செட்டைத் தொடுவதற்கு முன்பே முடிந்திருக்க வேண்டும். வீடியோ கேம் கைப்பிடியை வைத்துத் தொடங்குவதுதான் நாங்கள் அடிக்கடி பார்க்கும் கோளாறு. அதன் குச்சியைக் கட்டைவிரல் தள்ளுகிறது. வீல்சேர் ஜாய்ஸ்டிக்கை மணிக்கட்டும் முன்கையும் சேர்ந்து நகர்த்துகின்றன. கை தப்பான அசைவைப் பழகிவிட்டால் மாற்றுவது கடினம். யூஎஸ்பியில் இணையும் வீல்சேர் ஜாய்ஸ்டிக்கை, பழகுபவர் ஓட்டப்போகும் நாற்காலியில் உள்ள அதே பக்கத்தில், அதே உயரத்தில் பொருத்துங்கள். கை நடுங்குபவருக்கு, ஜாய்ஸ்டிக் லேசாக அசைந்தாலும் வண்டி நகராத நடுப்பகுதியைக் கொஞ்சம் அகலப்படுத்துங்கள்.

அடுத்தது, மோட்டார் எந்தச் சக்கரத்தை ஓட்டுகிறது என்பது. பின்சக்கர வண்டியில் திரும்பும்போது முன்பக்கம் அகலமாக வீசும். வாசலுக்கு எட்டவிருந்து வளைந்து வர வேண்டும். முன்சக்கர வண்டியில் மூலையை ஒட்டித் திரும்பலாம், ஆனால் பின்பகுதி எதிர்ப்பக்கச் சுவரில் இடிக்கும். நடுச்சக்கர வண்டி நின்ற இடத்திலேயே சுற்றும். சிமுலேட்டரில் ஒன்றைப் பழகி நிஜத்தில் வேறொன்றில் உட்கார்ந்தால், முதல் வாசலிலேயே இடிப்பார். அவர் மேல் தவறில்லை.

வாசலை 120 செ.மீ. அகலத்தில் தொடங்கி மெல்லக் குறையுங்கள். 65 செ.மீ. அகல நாற்காலி 80 செ.மீ. வாசலில் நேராக நுழைந்தாலே பக்கத்துக்கு 7.5 செ.மீ.தான் மிஞ்சும்.

குமட்டலை அலட்சியப்படுத்தவே கூடாது. கண் நகர்வைப் பார்க்கிறது, உள்காது அதை உணர்வதில்லை, அதனால் வருவது. நேராக ஓடுவதைவிடச் சுழல்வதுதான் அதிகம் படுத்தும். முதல் அமர்வு பத்து நிமிடம் போதும், திருப்பங்களின் வேகத்தையும் குறைத்து வையுங்கள். வியர்வை, கொட்டாவி, முகம் வெளுத்தல் தெரிந்த உடனே நிறுத்துங்கள். வாய்விட்டுச் சொல்ல முடியாதவர்களும் ஓட்டுகிறார்கள். அப்படிப்பட்டவருக்குச் சாதாரணத் திரையே மேல். ஆனால் திரையில் கால்பலகை தெரியாததால் முன்னால் எவ்வளவு நீளம் நீட்டியிருக்கிறது என்ற கணக்கு கைவராது. வலிப்பு வரலாறு இருந்தால் மருத்துவர் அனுமதி இல்லாமல் ஹெட்செட் வேண்டாம். தலைதாங்கி வைத்த நாற்காலியில், ஹெட்செட்டின் பின்பட்டை அதில் முட்டித் தலையை முன்னே தள்ளும், அதையும் பாருங்கள்.

சாய்தளத்தில் வண்டி சறுக்குவதும், பின்னோக்கி வரும்போது சிறு சக்கரங்கள் திரும்பி வண்டியை ஓரமாக இழுப்பதும் பெரும்பாலும் சிமுலேட்டரில் சரியாக வருவதில்லை. இவ்விரண்டையும் நிஜ நாற்காலியிலேயே, மிகக் குறைந்த வேகத்தில், பக்கத்தில் ஒருவர் நின்று நிறுத்த வசதியோடு பழக்க வேண்டும்.