நோவு நின்றுவிட்டது என்று நம்பி ஒரு கன்றை இழந்தோம்

மூன்றாம் ஈத்து எருமை. கிடா சேர்ந்த நாளிலிருந்து பத்து மாதமும் பத்து நாளும் சரியாக வந்துவிட்டது, மடி இறங்கி, வாலடியில் குழியும் விழுந்திருந்தது. ஞாயிறு விடியப்புறம் படுப்பதும் எழும்புவதும் பின்காலால் வயிற்றை உதைப்பதுமாக இருந்தவள், இரண்டு மூன்று தரம் முக்கிவிட்டு மத்தியானத்தோடு அமைதியாகிவிட்டாள். தண்ணீர்க்குடம் வரவே இல்லை. பெரியப்பா பார்த்துவிட்டு, "இது பொய் நோவு தம்பி, இன்னும் நாளாகல்ல, விடு" என்றார். அவள் கொஞ்சம் புல்லும் கடித்ததால் நாங்களும் நம்பினோம். அந்த அமைதிதான் எங்களை ஏமாற்றியது.

திங்கள் காலை கால்நடை வைத்திய அலுவலகத்துக்குப் போனேன். அங்கிருந்தவர் முதலில் கேட்டது பண்ணைப் பதிவு இலக்கம். அது அப்பாவின் பெயரில் இருக்கிறது, அப்பா இப்போது இல்லை. அட்டையை எடுத்து வாருங்கள் என்றார். எருமை ஈன முடியாமல் கிடக்கிறது என்று இரண்டு தரம் சொல்லியும் தலை நிமிரவில்லை. வீட்டுக்கு ஓடி அட்டையோடு திரும்பினால், டாக்டர் மாடுகளுக்குக் கால்-வாய் நோய்த் தடுப்பூசி போட வெளியே போய்விட்டார் என்கிறார்கள். அவருடைய போன் இலக்கம் கதவுக்குப் பின்னால் ஒட்டியிருந்ததை அப்போதுதான் கண்டேன். முதல் தரமே காட்டியிருந்தால் இரண்டு மணித்தியாலம் மிஞ்சியிருக்கும்.

டாக்டர் போனில் மூன்றே கேள்வி கேட்டார். நோவு தொடங்கி எவ்வளவு நேரம், குடம் உடைந்ததா, பிறப்புறுப்பின் உதடு உள்ளே இழுத்த மாதிரி இருக்கிறதா. மூன்றாவதை நான் கவனித்திருக்கவே இல்லை. "கருப்பை முறுக்காக இருக்கும், ஆறு ஆளும் கயிறும் ஒரு நீளப் பலகையும் எடுத்து வையுங்க, வாறன்" என்றார். மாட்டைவிட எருமைக்கு இது கூடுதலாக வருமாம், அதுவும் ஈனும் நேரத்தை ஒட்டி.

வந்து கையை விட்டுப் பார்த்தார். வலப்பக்க முறுக்கு, உள்ளே துணியைப் பிழிந்த மாதிரி மடிப்பு மடிப்பாக இருப்பதாகச் சொன்னார். முன்கால் இரண்டையும் சேர்த்து, பின்கால் இரண்டையும் சேர்த்துக் கட்டி வலப்பக்கம் சரித்தோம். பத்தடிப் பலகையை விலாவில் சாய்த்து, உள்ளே கருப்பை அசையாமல் இருக்க மச்சான் அதன் அடி நுனியில் ஏறி நின்றார். முறுக்கு எந்தப் பக்கமோ அதே பக்கம்தான் உடம்பை உருட்ட வேண்டும், மாற்றி உருட்டினால் இன்னும் இறுகும். அதனால் டாக்டர் கை வைத்துப் பக்கம் சொல்லாமல் யாரும் உருட்டிப் பார்க்காதீர்கள். முதல் தரம் இல்லை. இரண்டாம் தரமும் இல்லை. மூன்றாம் தரம் உருட்டிவிட்டு உள்ளே கை விட்டவர் "திரும்பிட்டு!" என்றார், அதோடு நீர் குபீரென்று அவர் சப்பாத்தெல்லாம் பாய்ந்தது. எங்களுக்குக் கத்த வேண்டும் போல இருந்தது.

கன்று செத்துத்தான் வந்தது. நாகு, பெண் கன்று. முப்பது மணித்தியாலத்துக்கு மேல் போய்விட்டது, தாய் தப்பியதே பெரிய காரியம் என்றார்.

மறுநாள் வரை இளங்கொடி, அதாவது நஞ்சுக்கொடி, விழவில்லை. பக்கத்துப் பட்டிக்காரர் கல்லைக் கட்டித் தொங்கவிடச் சொன்னார், நல்லவேளை செய்யவில்லை. அப்படி இழுபட்டால் கருப்பையே வெளியே தள்ளிவிடலாம். கையால் பிடுங்கினாலும் உள்ளே புண்பட்டு, பிறகு சினை நிற்காமல் போகலாம். டாக்டர் ஊசி போட்டார், அப்புறம் தானாக விழுந்தது.

ஊசி போட்ட எருமையின் பாலை விற்க வேண்டாம் என்று நாள் குறித்துக் கொடுத்திருந்தார். அதற்குள் அம்மா ஒரு சட்டியில் உறை ஊற்றிப் பார்த்தார், விடிய எடுத்தால் பால் பாலாகவே கிடந்தது. மருந்து உறையைச் சாகடித்துவிடுகிறது. தயிருக்குப் பால் கொடுக்கிறவர்கள் இதை மறைத்தால் வாங்குகிறவரின் சட்டி முழுக்கப் போகும்.

அறுபது நாள் கழியாமல் கிடாவோடு விட வேண்டாம் என்றிருக்கிறார். பதிவை என் பெயருக்கு மாற்றக் கொடுத்தாயிற்று. டாக்டரின் இலக்கத்தைக் கொட்டில் கப்பில் பெயின்டால் எழுதி வைத்திருக்கிறேன். அடுத்த மாதம் இன்னொருத்திக்கு நாள்.