நண்பர் போன பிறகு அவர் குடும்பத்தோடு அலுவலகம் அலுவலகமாக

எங்கள் அரிமா சங்கத்தில் (லயன்ஸ் கிளப்) உறுப்பினர் யாராவது இறந்துவிட்டால் வழக்கமாக நடப்பது இதுதான். மாலையோடு வீட்டுக்குப் போவோம். அடுத்த கூட்டத்தில் எழுந்து நின்று மௌன அஞ்சலி செலுத்துவோம். இரங்கல் தீர்மானம் போட்டு மினிட்ஸில் எழுதி வைப்போம். காரியத்துக்கு நாலைந்து பேர் போய் வருவோம். அதோடு சரி. சென்ற ஆண்டு பிப்ரவரியில், நாங்கள் எல்லோரும் அண்ணன் என்று கூப்பிடும் சங்கத்து நண்பர் போனபோது அப்படி விட்டுவிட மனம் வரவில்லை. அதன்பிறகு நடந்ததைத்தான் எழுதுகிறேன். இதே நிலையில் நிற்கும் குடும்பத்துக்கோ, அவர்களுக்குத் துணை போக நினைக்கிற சங்கத்துக்கோ பயன்பட்டால் போதும்.

அண்ணனுக்கு அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒரு தனியார் கம்பெனியில் சூப்பர்வைசர் வேலை. வயது 51. வில்லிவாக்கத்தில் வாடகை வீடு. வயதான அம்மா, மனைவி, இன்ஜினியரிங் படிக்கும் மகன், பிளஸ் டூ படிக்கும் மகள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்து கொளத்தூர், பெரம்பூர் பக்கமெல்லாம் தண்ணீர் நின்றபோது, இடுப்பளவு தண்ணீரில் பால் பாக்கெட்டும் பிரெட்டும் தலைமேல் தூக்கிக்கொண்டு போனவர் அவர். அண்ணி அந்த நாட்களில் வீட்டு அடுப்பில் தக்காளி சாதம் கிளறிக்கொண்டே இருந்தார். கண் சிகிச்சை முகாம் என்றால் வரும் முதியவர்களுக்கெல்லாம் சாப்பாடு அண்ணி பொறுப்பு. அப்படிப்பட்ட வீடு. ஒரு ராத்திரி நெஞ்சு வலி, ஆட்டோ, ஆஸ்பத்திரி. விடிவதற்குள் முடிந்துவிட்டது.

முதல் கூட்டத்தில் பேச்சு பணத்தில்தான் ஆரம்பித்தது. சங்கக் கணக்கில் இருப்பதிலிருந்து ஒரு லட்சம் எடுத்துக் கொடுத்துவிடலாம் என்றார் ஒருவர். பொருளாளர் அக்கா உடனே மறுத்தார். அவர் வங்கியில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். அரிமா சங்கங்களில் இரண்டு கணக்கு உண்டு. உறுப்பினர் சந்தா நிர்வாகக் கணக்கில் சேரும். பொதுமக்களிடம் திரட்டும் பணம் சேவைக் கணக்கில் சேரும். அந்தச் சேவைப் பணத்தை உறுப்பினர்களின் சொந்த நன்மைக்குத் தொடக்கூடாது என்பது சர்வதேச அமைப்பின் விதி. சிலருக்குக் கோபம் வந்தது. "ஊருக்கெல்லாம் செஞ்சவருக்கு நாம செய்யக்கூடாதா?" என்று ஒருவர் எழுந்தே போய்விட்டார். எனக்கு அந்த விதி சரி என்றே படுகிறது. உண்டியலில் பத்து ரூபாய் போட்டவர் கண் முகாமுக்கு என்று நம்பிப் போட்டார். அதை நம் வீட்டு ஆளுக்குத் திருப்பிவிட்டால் அடுத்த முறை எந்த முகத்தோடு உண்டியல் தூக்குவது?

ஆக, அவரவர் சொந்தப் பணம்தான். யார் எவ்வளவு தருகிறார்கள் என்பது பொருளாளரைத் தவிர யாருக்கும் தெரியக்கூடாது என்று முடிவெடுத்தோம். வாடகைக்கும் வீட்டுச் செலவுக்கும் ஆகிற தொகை மாதம் பிறந்ததும் நேராக அண்ணியின் கணக்குக்குப் போய்விட வேண்டும். கவரில் வைத்து நீட்டுவது கிடையாது. போட்டோ கிடையாது. வாட்ஸ்அப் குரூப்பில் பெயர்ப் பட்டியல் கிடையாது. சங்கம் என்றால் பேனரும் பொன்னாடையும் கேமராவும் சேர்ந்தே வரும் ஊர் இது. அதனால் இந்த முடிவை நாங்கள் எழுத்திலேயே போட்டோம். இன்றைக்கும் எங்கள் சங்கம் எடுத்த முடிவுகளில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான்.

அண்ணி சம்மதிக்கவில்லை. "கொடுத்தே பழகிட்டோம் தம்பி, வாங்கக் கை வரமாட்டேங்குது" என்றார். பொருளாளர் அக்கா அந்தப் பேச்சையே தொடரவில்லை. "அவர் பேங்க் புஸ்தகமெல்லாம் எங்கம்மா வச்சிருப்பாரு?" என்று கேட்டார். அண்ணி பீரோவிலிருந்து ஒரு துணிக்கடை மஞ்சள் பையை எடுத்து வந்தார். கரண்ட் பில், பள்ளிக்கூட ரசீது, பழைய சம்பளச் சீட்டு, பாஸ்புக் எல்லாம் அதில் ஒன்றாகக் கிடந்தன. தரையில் பரப்பிப் பிரித்து அடுக்கினோம். அன்று மாலை கிளம்பும்போது அண்ணியே சொன்னார்: "பி.எஃப். பணம் வர்ற வரைக்கும்தான். அதுக்கப்புறம் ஒரு ரூபாகூட வேண்டாம்." சரி என்றோம்.

இந்த மஞ்சள் பையில்தான் முதல் நல்ல செய்தி இருந்தது. அக்கா கண்ணாடியை மாட்டிக்கொண்டு பாஸ்புக்கில் ஒவ்வொரு வரியாக விரலை வைத்துக்கொண்டே வந்தவர், முந்தைய மே மாதக் கடைசியில் ஓரிடத்தில் நிறுத்தினார். 436 ரூபாய் பிடித்தம். "இது ஜீவன் ஜோதி பீமா" என்றார். பிரதமர் பெயரில் 2015இல் வந்த ஆயுள் காப்பீடு அது. ஆண்டுக்கு 436 ரூபாய் கணக்கிலிருந்து தானாகப் போகும். ஜூன் 1 முதல் அடுத்த மே 31 வரை பாதுகாப்பு. 50 வயதுக்குள் சேர்ந்திருந்தால் 55 வரை தொடரலாம். எந்தக் காரணத்தால் இறந்தாலும் நாமினிக்கு 2 லட்சம். பக்கத்து வரியிலேயே 20 ரூபாய் பிடித்தமும் இருந்தது. அது விபத்துக் காப்பீடு, மாரடைப்புக்குக் கிடைக்காது. வங்கிக் கிளையில் முதலில் "அப்படி எதுவும் இல்லையே" என்றுதான் சொன்னார்கள். பாஸ்புக் வரியைக் காட்டிய பிறகு கம்ப்யூட்டரில் திரும்பத் தேடினார்கள், இருந்தது. எங்கள் மூலம் இதைத் தெரிந்துகொள்கிற யாராக இருந்தாலும் முதலில் பாஸ்புக்கில் என்ட்ரி போட்டு வாங்குங்கள். மே, ஜூன் மாதங்களைப் பாருங்கள்.

சேமிப்புக் கணக்கு விஷயத்தில் உறவினர் சிலர் ஏ.டி.எம். கார்டில் எடுத்துவிடலாம், பின் நம்பர்தான் பையனுக்குத் தெரியுமே என்றார்கள். அக்கா கண்டிப்பாகத் தடுத்தார். கணக்குக்காரர் இறந்த பிறகு அவர் கார்டில் பணம் எடுப்பது தவறு, பின்னால் வேறு வாரிசு யாரும் கேள்வி கேட்டால் சிக்கல். நாமினி பெயர் இருந்தால் இறப்புச் சான்றிதழும் நாமினியின் அடையாளமும் போதும். எல்லாக் காகிதமும் கொடுத்ததிலிருந்து 15 நாளுக்குள் முடிக்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கியே சொல்லியிருக்கிறது. அண்ணி பெயர் நாமினியாக இருந்தது, முடிந்தது.

இறப்புச் சான்றிதழைச் சென்னை மாநகராட்சி இணையதளத்திலிருந்து கட்டணமில்லாமல் எடுத்துக்கொள்ளலாம். ஆஸ்பத்திரியில் இறந்தால் பதிவுக்கு அவர்களே அனுப்புவார்கள். ஆனால் அங்கே படிவம் எழுதுகிற நேரத்தில் யாராவது நிதானமாக இருப்பவர் பக்கத்தில் நின்று, ஆதாரில் இருப்பதுபோலவே பெயர் எழுதுகிறார்களா என்று பார்க்க வேண்டும். அன்று அதை எங்கள் தலைவர் பார்த்துக்கொண்டார். அந்த ஒன்று எங்களை எவ்வளவோ அலைச்சலிலிருந்து காப்பாற்றியது.

வாரிசுச் சான்றிதழ்தான் மனதுக்குக் கஷ்டமான கட்டம். பி.எஃப். கணக்கில் அண்ணன் நாமினி பதிவு செய்திருக்கவில்லை, அதனால் இது இல்லாமல் நகராது. இ-சேவை மையத்தில் பதிவு செய்தோம்; வருவாய்த் துறை விசாரணை முடிந்து தாசில்தார் டிஜிட்டல் கையொப்பத்தோடு சான்றிதழ் வரும். பதிவுக்கு முந்தைய நாள் உறவில் ஒருவர் என்னை ஓரமாகக் கூப்பிட்டு, "பாட்டி பேரை விட்டுடுங்க, வேலை சீக்கிரம் முடியும்" என்றார். அது முடியாது. 1956ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டப்படி இறந்தவரின் தாய், மனைவி, மகன், மகள் எல்லோருமே முதல் வகுப்பு வாரிசுகள். தாய் உயிரோடு இருக்கும்போது மறைத்து வாங்கினால் அந்தச் சான்றிதழே நிற்காது. அதைவிட, மகனைப் பறிகொடுத்தவரை இல்லாதவராக ஆக்கிக் காகிதம் வாங்க யாருக்கு மனசு வரும்?

பாட்டியிடம் ஆதார் கேட்டபோது, "எம் பேரு எதுக்குப்பா இதுல, எல்லாம் அவளுக்கே சேரட்டும்" என்றார். பாட்டியின் பெயரும் இருந்தால்தான் அண்ணிக்குச் சேரும் என்று அக்கா விளக்கினார். பாட்டிக்குக் கையெழுத்துப் போடத் தெரியும். பேரனின் நோட்டில் ஒரு தடவை எழுதிப் பார்த்துவிட்டு, சேலைத் தலைப்பால் விரலைத் துடைத்துக்கொண்டு, எழுத்து எழுத்தாகப் போட்டார். அண்ணி எழுந்து சமையலறைக்குப் போய்விட்டார்.

இதற்கிடையில் மகளுக்கு மார்ச்சில் பொதுத்தேர்வு. வீட்டில் ஆள் வருவதும் போவதுமாக இருக்க, பெண் எங்கே படிக்கும்? சங்கத்து நண்பர் ஒருவரின் மகளும் பிளஸ் டூ. காரியம் முடிந்ததும் இருவரும் அங்கேயே சேர்ந்து படித்தார்கள். இதை யாரும் தீர்மானம் போட்டுச் செய்யவில்லை, அந்த வீட்டம்மா வந்து கூட்டிக்கொண்டு போனார். அவருக்கு நாங்கள் எல்லோரும் கடமைப்பட்டிருக்கிறோம்.

பி.எஃப். பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். எங்களில் பாதிப் பேருக்கே அதில் இருப்பது தெரியவில்லை. வேலையில் இருக்கும்போது ஒருவர் இறந்தால் குடும்பத்துக்கு மூன்று வழியில் பணம் வரும். ஒன்று, சேர்ந்திருக்கும் பி.எஃப். தொகை. இரண்டாவது, இ.டி.எல்.ஐ. என்கிற காப்பீடு. இதற்குத் தொழிலாளி ஒரு பைசாகூடக் கட்டுவதில்லை, கம்பெனிதான் கட்டுகிறது. கடைசி 12 மாதச் சராசரி சம்பளத்தை, உச்சவரம்பு 15,000, 35ஆல் பெருக்கி, அதோடு பி.எஃப். இருப்பின் சராசரியில் பாதியை, அதிகபட்சம் 1,75,000 வரை, சேர்ப்பார்கள். மொத்தம் 7 லட்சம் வரை போகும். அண்ணனுக்கு முழுத் தொகைக்கும் தகுதி இருந்தது. மூன்றாவது ஓய்வூதியம். பத்து வருடம் வேலை செய்திருந்தால்தான் பென்ஷன் என்று பலர் நினைக்கிறார்கள். பணியில் இருக்கும்போது இறந்தவருக்கு அந்தக் கணக்கு கிடையாது. மனைவிக்கு வாழ்நாள் முழுவதும் (மறுமணம் செய்யாத வரை), இரண்டு பிள்ளைகளுக்கு 25 வயது வரை ஆளுக்கு அதில் கால் பங்கு. மூன்றுக்கும் இப்போது ஒரே படிவம்தான்.

எங்களை நிறுத்தியது இனிஷியல். ஆதாரில் அப்பா பெயர் முழுசாக இருந்தது, பி.எஃப். பதிவில் ஒற்றை எழுத்து. தமிழ்நாட்டில் பிறந்த யாருக்குத்தான் இந்தத் தொல்லை இல்லை! கம்பெனியும் குடும்பமும் சேர்ந்து கொடுக்கும் உறுதிமொழிப் படிவத்தில் திருத்த வேண்டியிருந்தது. ஹெச்.ஆர். பிரிவில் இருந்த பெண் பொறுமையாக எல்லாப் பக்கத்திலும் சீல் வைத்துக் கொடுத்தார். அண்ணனிடம் வேலை பழகியவர்களாம் அங்கே பாதிப் பேர். கிராஜுவிட்டி என்கிற பணிக்கொடையையும் கம்பெனியே கணக்குப் போட்டுத் தந்தது. இறப்பு என்றால் ஐந்து வருடம் வேலை செய்திருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் அதற்குக் கிடையாது.

திருத்தம் இழுத்துக்கொண்டிருந்த அந்த நாட்களில் ஒருவர் வீடு தேடி வந்தார். எனக்கு உள்ளே ஆள் தெரியும், பத்து பர்சென்ட் கொடுத்தால் எல்லாவற்றையும் முடித்துத் தருகிறேன் என்றார். காப்பீட்டுத் தொகையில் மட்டுமே அது எழுபதாயிரம்! அண்ணி எனக்குப் போன் செய்து கேட்டார்: "கொடுத்துடலாமா தம்பி? எனக்கு அலைய முடியல." அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது, பக்கத்தில் ஆள் இல்லாத வீடுகளில் என்ன நடந்திருக்கும் என்று. நானும் தலைவரும் உடனே போனோம். அந்த ஆளிடம் ஒரு பைசா தர முடியாது என்று சொல்லி அனுப்பினோம். அதிலிருந்து எந்த ஆபீஸுக்கும் அண்ணி தனியாகப் போகவில்லை. யாராவது ஒருவர் கூடவே போவார், ஒரு செட் ஜெராக்ஸ் அதிகமாக எடுத்துக்கொண்டு. பேச வேண்டியதை அண்ணியே பேசுவார், நாங்கள் பக்கத்தில் உட்கார்ந்திருப்போம். திருத்தம் முடிந்து சரியான விண்ணப்பம் உள்ளே போனபிறகு அலுவலகம் தாமதிக்கவில்லை. ஆடியில் பணம் வந்தது. அடுத்து பென்ஷனும் வர ஆரம்பித்தது.

பணம் வந்த அன்றே அண்ணி பொருளாளரைக் கூப்பிட்டு, மாதாமாதம் அனுப்புவதை நிறுத்தச் சொல்லிவிட்டார். "எனக்கு வேலை ஏதாவது இருந்தா சொல்லுங்க" என்று மட்டும் கேட்டார். இப்போது சங்க நண்பரின் மருந்துக்கடையில் பில் போடுகிறார். மகள் பி.காம். சேர்ந்துவிட்டாள்.

எங்கள் சங்க ஆண்டு ஜூலை 1இல் தொடங்கும். இந்த முறை பதவியேற்புக்கு அடுத்து வந்த கூட்டத்தில் எல்லோரையும் மொபைலை எடுக்கச் சொல்லி, பி.எஃப்., வங்கி, காப்பீடு எல்லாவற்றிலும் நாமினி யார் என்று அங்கேயே பார்க்க வைத்தார் அக்கா. பலருக்கு அந்த இடம் காலியாகவே இருந்தது. இனி ஒவ்வோர் ஆண்டும் ஜூலையில் இது நடக்கும். அண்ணி வீட்டில் ரேஷன் கார்டில் குடும்பத் தலைவர் மாற்றமும் கேஸ் இணைப்புப் பெயர் மாற்றமும் பாக்கி இருக்கின்றன, அவற்றை இந்த மாதத்தில் முடித்துவிடுவோம்.