கண்ணுக்குத் தெரியாத தடிப்பு

நரம்பியல் கிளினிக்கில், மல்டிபிள் ஸ்கிலரோசிஸ் (மூளை, தண்டுவட நரம்புகளின் உறையை உடலின் எதிர்ப்புச் சக்தியே தாக்கும் நோய்) உள்ளவர்களுக்குத் தாங்களே ஊசி போட்டுக்கொள்ளக் கற்றுத்தருவது நர்ஸான என் வேலைகளில் ஒன்று. சிங்கப்பூரில் இந்த நோய் ஐரோப்பாவில் போல் பரவலாக இல்லை. தமிழ் பேசும் ஒருவர் எப்போதாவது வந்தால் என்னிடம் அனுப்பிவிடுவார்கள்.

அமெரிக்காவில் 1993-ல் அனுமதி பெற்ற இன்டர்ஃபெரான் பீட்டா-1பி, 1996-ல் பெற்ற கிளாடிரமர் அசிடேட் இரண்டும் இந்த நோய்க்குத் தோலுக்கடியில் போடும் ஊசிகள். போட்ட இடம் சிவக்கும், வீங்கும், அரிக்கும் என்று கையேடு சொல்லும். நான் பார்த்த கையேடுகளில் படமெல்லாம் வெள்ளைத் தோல். நம் மாநிறத்தில் சிவப்பைத் தேடினால் எங்கே கிடைக்கும்? லேசாகக் கறுத்திருக்கும், டியூப்லைட் வெளிச்சத்தில் அதுவும் தெரியாது. அதனால் நான் புறங்கையை வைத்துச் சூடு பார்ப்பேன், பிறகு விரலால் தடவுவேன்.

செங்காங்கிலிருந்து வரும் அக்கா ஒருவருக்கு வாரம் மூன்று முறை 40 மில்லிகிராம் கிளாடிரமர். “ஒன்னுமில்ல மிஸ்ஸி, நல்லாத்தான் இருக்கு” என்றார். வலது தொடையைத் தடவினால் உள்ளே புளியங்கொட்டை மாதிரி கட்டிகள், ஒன்றையொன்று ஒட்டி. இடது தொடையில் ஒன்றுகூட இல்லை. விசாரித்தேன். வயிற்றில் குத்தப் பயம். கையில் போட்டால் ரவிக்கைக்கு வெளியே தெரியும். இடது தொடை ஏனோ வாகாக இல்லையாம். பாவம், வலது தொடையே எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டிருக்கிறது.

கட்டி பெரும்பாலும் தானாக அமுங்கிவிடும். கொழுப்பு கரைந்து பள்ளம் விழுந்தால்தான் கஷ்டம். அது பழையபடி நிரம்பாமலே போகலாம். இன்டர்ஃபெரானில் வேறு கவலை: தோல் கறுத்து, புண்ணாகி, நீர் வடிந்தால் அடுத்த ஊசிக்குக் காத்திராமல் டாக்டரிடம் வர வேண்டும்.

மற்றதெல்லாம் சின்ன விஷயங்கள். கிளாடிரமர் என்றால் ஃபிரிட்ஜிலிருந்து எடுத்து 20 நிமிடமாவது வெளியே வைக்கணும், ஸ்பிரிட் காய்ந்த பிறகு குத்தணும், குத்திய இடத்தைத் தேய்க்கக் கூடாது. இடத்தை மாற்றிக்கொண்டே இருப்பதுதான் யாருக்கும் எளிதில் வருவதில்லை.

அக்கா இப்போது தினசரிக் காலண்டரில் ‘இ.தொடை’, ‘வயிறு’ என்று குறித்து வைக்கிறார். வயிற்றில் போட, தொப்புளிலிருந்து 5 சென்டிமீட்டர் தள்ளி இடம் காட்டியிருக்கிறேன். கைக்கு மட்டும் இன்னும் சம்மதிக்கவில்லை. “தீபாவளி முடியட்டும் மிஸ்ஸி, புது ரவிக்கை தைக்கக் குடுத்திருக்கேன்” என்கிறார்.