மலாக்காவுல ஒரு கோட்டாறு

எங்க அம்மா நேர்ந்தது நாகர்கோவில் கோட்டாறு சர்ச் சவேரியாருக்கு, அதான் பிரான்சிஸ் சேவியர். தங்கச்சிக்கு கல்யாணம் ஆகி ஏழு வருஷம் பிள்ளை இல்ல, கோலாலம்பூர்ல இருக்கா, பாக்காத டாக்டர் இல்ல. போன திருவிழாவுல அம்மா முட்டு வலியோட தேருக்குப் பின்னால தரையில விழுந்து கும்பிடு நமஸ்காரம் போட்டுட்டு வந்து, "பிள்ளை உண்டானா அடுத்த தேருக்கு அதைத் தூக்கிட்டு வந்து உப்பும் நல்லமிளகும் போடுதேன்னு சொல்லியாச்சு, இனி அவரு பாத்துக்கிடுவாரு"ன்னாங்க. பாத்துக்கிட்டாரு. பையன். பேரும் சேவியர்தான், வேற என்ன வைக்க முடியும்.

ஆனா தேருக்கு வர முடியல. தங்கச்சி மாப்பிள்ளைக்கு லீவு கிடைக்கல, ஞானஸ்நானத்தையும் நவம்பர் கடைசில அங்கேயே வச்சுட்டாங்க, கடைசில நானும் அம்மாவும்தான் பிளைட் ஏறுனோம். டிசம்பர் 3 அன்னைக்கு மாவட்டத்துக்கே லீவு விட்டு ஊரே கோட்டாறுல நிக்கும், நாம இங்க மலேசியாவுல சோபாவுல உக்காந்திருக்கோம்னு அம்மாவுக்கு ஒரே சங்கடம். ரெண்டு நாளா சரியா சாப்பிடல. முந்தின நாள் ராத்திரி தேர் வீடியோவ சித்தி வாட்ஸப்ல அனுப்பி, அதைப் பாத்து அழுகை வேற. (அந்த வீடியோவுல பாதி ஆளுங்க தலையும் செல்போனும்தான், அந்தக் கூட்டத்துல பிள்ளையத் தூக்கிட்டுப் போயிருந்தா என்ன ஆயிருக்கும்னு நான் வாயத் திறக்கல.)

சும்மா மனசு மாறட்டும்னு மாப்பிள்ளை மலாக்கா கூட்டிட்டுப் போனாரு, கார்ல ரெண்டு மணி நேரம், எனக்கு அது ஏதோ டூரிஸ்ட் ஊருங்கிறது மட்டும்தான் தெரியும். இறங்குனதுமே அந்த சிவப்பு சர்ச் பக்கத்துல பொம்மையும் லைட்டும் ஒட்டுன சைக்கிள் ரிக்‌ஷா வரிசையா நிக்குது, ஒவ்வொண்ணுலயும் ஒவ்வொரு பாட்டு அலறுது, நம்ம ஊர் கல்யாண வீட்டு ஸ்பீக்கர் தோத்துது. பேசுன விலை ஒண்ணு, இறங்கும்போது கேட்ட விலை வேற ஒண்ணு. திருவிழாக் கடைக்காரங்க பரவாயில்லன்னு ஆயிருச்சு.

மேல ஒரு குன்று, பழைய சர்ச் இருக்குன்னாங்க. படி ஏற அம்மாவுக்கு முடியல, நாலு படிக்கு ஒரு தடவை உக்காந்து உக்காந்து, வெயில் வேற, நான் "வேண்டாம்மா திரும்பிருவோம்"ன்னு சொல்லிட்டே இருக்கேன். ஒருவழியா மேல ஏறுனா முன்னாடி வெள்ளையா ஒரு சிலை. வலது கை இல்ல. மரம் விழுந்து உடைஞ்சதாம். நான் பலகைய வாசிக்கிறதுக்கு முன்னாலயே அம்மா "ஏ மக்களே, இது நம்ம சவேரியார்லா"ன்னாங்க. எனக்கு மயிர்க்கூச்செறிஞ்சுது. ஏன்னா அவரோட வலது கைய நிஜமாவே 1614ல எடுத்து ரோமுக்கு அனுப்பியிருக்காங்க, எங்க வேதபாட வாத்தியார் சொல்லிக்கொடுத்தது ஞாபகம் வந்துது. மரத்துக்கு எப்படித் தெரியும் எந்தக் கைன்னு?

உள்ள போனா கூரையே இல்ல, வானம்தான். 1521ல போர்த்துகீசியர் கட்டுனது. செவுத்துல பெரிய பெரிய கல்லறைக் கல்லு சாய்ச்சு வச்சிருக்கு, ஒரு ஆளு படம் விக்கிறாரு, பொண்ணுங்க போட்டோ எடுக்குது. நடுவுல தரையில கம்பிவலை போட்ட ஒரு குழி. 1552 டிசம்பர் 3, சீனாக் கரையோரத் தீவுல இறந்தவர அடுத்த வருஷம் இங்க கொண்டாந்து அந்தக் குழியிலதான் வச்சிருந்திருக்காங்க, அப்புறம்தான் கோவா. நம்ம மீன்பிடிக்கிற முக்குவர் கரையெல்லாம் நடந்தே போயி ஞானஸ்நானம் கொடுத்தவரு, கோட்டாறுல படையெடுத்து வந்த வடுகப் படைய சிலுவையக் காட்டி மறிச்சாருன்னு பாட்டி கதை கதையாச் சொன்னவரு, இங்க வந்து கிடந்திருக்காரு, இது ஒண்ணுமே தெரியாம நான் வந்திருக்கேன். அதுவும் டிசம்பர் 3 அன்னைக்கு!

அம்மா கைப்பையத் திறந்தாங்க. ஊர்ல இருந்து கொண்டாந்த உப்பும் நல்லமிளகும், ஒரு பிளாஸ்டிக் கவர்ல, கோட்டாறு மார்க்கெட்ல வாங்குனது. ஏன் கொண்டு வந்தீங்கன்னு நான் கேக்கல, அவங்களும் சொல்லல. சேவியர வலைக்குப் பக்கத்துல தாழ்த்திப் பிடிச்சிட்டு மறு கையால நல்லமிளக ஒவ்வொண்ணா வலை ஓட்டை வழியா உள்ள போட்டாங்க. எல்லாரும் போட்ட காசுக்கு நடுவுல விழுந்துது. பிள்ளை அழவே இல்ல, குழியவே பாத்துட்டு இருந்துது. நான் மெதுவா, "அம்மா, இங்க அவரு இல்ல, வெறும் குழிதான்"ன்னேன். அம்மா என்னைப் பாத்த பார்வை இருக்கே... "இன்னைக்கு எப்படி இருப்பாரு? கோட்டாறுக்குப் போயிருப்பாரு, தேர்லா."

பக்கத்துல நின்ன ஒரு பெரியவர் சிரிச்சிட்டாரு. "நாரோயில் பக்கமா?"ன்னாரு. மலேசியத் தமிழர், அங்கேயே பிறந்தவரு, அவரு தாத்தா குளச்சல்ல இருந்து கப்பலேறுனவராம். அவரு ஊரப் பாத்ததே இல்ல. ஆனா அம்மா "மக்களே"ன்னதுமே பாட்டி பேச்சு மாதிரி இருந்துதுன்னு திரும்பிட்டாராம். அம்மா கேட்ட முதல் கேள்வி, "குளச்சல்ல எந்தத் தெரு?" அவருக்குத் தெரியல பாவம். ஆனா மிச்சம் இருந்ததுல கொஞ்சம் நல்லமிளகு வாங்கிட்டு அவரும் குழியில போட்டாரு, கண்ணத் தொடைச்சிட்டு. எனக்கும் அங்க நிக்க முடியல, வெளிய வந்து கடலப் பாத்துட்டு நின்னேன், ஸ்தோத்திரம்ங்கிறதத் தவிர வாயில வேற ஒண்ணும் வரல.

இறங்கும்போது அம்மா ஒரு படியிலயும் உக்காரல.

கவர்ல இன்னும் கொஞ்சம் மிச்சம் இருந்துது, தங்கச்சி அத ரசத்துல போடப் போனப்ப பிடுங்கி பெட்டியில வச்சிட்டாங்க. ஊருக்கு வந்த மறுநாள் செவ்வாய்க்கிழமை, கோட்டாறுல ஒரு ஈ காக்கா இல்ல, நடையில அத வச்சிட்டு அம்மா மெதுவா, "அங்க பாதி போட்டாச்சு, இது மீதி"ன்னு கணக்கு சொன்னாங்க.