பாகு அண்டாவும் மூன்றாவது கேமும்

"சார், நாலாவது பத்தியைக் காணோம்" என்று அந்த டிரெய்னிப் பெண் வந்து நின்றபோது பத்திரிகையின் விளையாட்டுப் பக்கத்தை முடிக்க முக்கால் மணி நேரம் இருந்தது. பத்தி எங்கும் போகவில்லை. நான்தான் வெட்டியிருந்தேன்.

2013 ஆகஸ்ட் 11, ஞாயிற்றுக்கிழமை. முந்தின நாள் அரையிறுதியில் சிந்துவை 21-10, 21-13 என்று சுருட்டிய அதே தாய்லாந்தின் ரட்சனோக் இன்டானன், அன்று சீனாவின் குவாங்சோவில் உலக பேட்மிண்டன் சாம்பியன். எதிரே ஒலிம்பிக் தங்கம் வென்ற லீ ஷுவேருயி, அதுவும் அவருடைய சொந்த மண்ணில். 22-20, 18-21, 21-14. பதினெட்டு வயதில் ஒற்றையர் பட்டம், அதற்கு முன் யாரும் அவ்வளவு இளவயதில் வென்றதில்லை. ஆனால் சிந்துவின் வெண்கலத்தை நேற்றே கொண்டாடி முடித்திருந்தோம். தாய்லாந்துக்காரருக்கு மிஞ்சியது பக்கத்தில் ஒரே ஒரு நெடுவரிசை, 120 வார்த்தை.

அந்தப் பெண் கல்லூரி அணியில் ஆடியவள். இறுதி ஆட்டத்தை முழுதாகப் பார்த்துவிட்டு எழுதியிருந்தாள். ரட்சனோக்குக்கு டிராப்புக்கும் (வலையருகே மெல்ல விழும் அடி) டாஸுக்கும் (பின்கோட்டை நோக்கி உயர்த்தும் அடி) ஒரே கைவீச்சு, எதிராளியின் கால் அரைக்கணம் தரையில் ஒட்டிக்கொள்கிறது, மூன்றாவது கேமில் அந்த அரைக்கணம்தான் புள்ளியாகச் சேர்ந்தது என்று. நல்ல பத்தி. அதை எடுத்துவிட்டு நான் பாகை ஊற்றினேன்.

பாகு என்றால் நிஜமாகவே பாகு. தாய்லாந்தின் யசோதோனில் பிறந்த ரட்சனோக்கின் பெற்றோர் ஒரு மிட்டாய் ஆலையில் வேலை பார்த்தவர்கள். அங்கே முட்டை மஞ்சள் கருவில் செய்த கலவையைக் கொதிக்கும் சர்க்கரைப் பாகில் சொட்டுச் சொட்டாக விட்டு 'தோங் யோட்' செய்வார்கள். ஓடியாடும் குழந்தை அண்டா பக்கம் போய்விடக்கூடாது என்று ஆலை முதலாளியம்மா அவளை பேட்மிண்டன் கோர்ட்டில் விட்டார். அப்போது ஆறு வயது. அந்த கோர்ட் இருந்த பேட்மிண்டன் பள்ளியின் பெயரும் மிட்டாயின் பெயர்தான், பான்தோங்யோட்.

"ஆட்டம் எங்க சார்?" என்று கேட்டாள்.

"பாகு இருந்தாதாம்மா படிப்பாங்க" என்றேன். சொல்லிவிட்டு அடுத்த பக்கத்துக்குத் திரும்பிவிட்டேன்.

பொய் சொல்லவில்லையே. ஆலை இல்லாவிட்டால் கோர்ட் ஏது? அதை விட்டுவிட்டு வெறும் கைவீச்சை மட்டும் எழுதினால் அதுவும் பாதிக்கதைதான். 120 வார்த்தையில் வேறு என்ன செய்வது? இப்படித்தான் எனக்கு நானே வக்கீலாகிறேன்.

ஆனால் நான் வெட்டியது அந்த ஒரு பத்தியை மட்டுமல்ல. 2009, 2010, 2011 என்று மூன்று ஆண்டும் தொடர்ந்து உலக ஜூனியர் பட்டம். முதல் பட்டம் வாங்கும்போது வயது 14. பத்தொன்பது வயதுக்கு உட்பட்டவர்கள் ஆடும் போட்டி அது, எதிரே நிற்பவர்கள் அக்காமார். அதற்கும் இடமில்லை என்றேன். அண்டாவுக்கும் பட்டத்துக்கும் நடுவே கிடந்த பன்னிரண்டு வருடப் பயிற்சியை எடுத்துவிட்டதால், படித்தவர்களுக்கு ஏதோ அதிர்ஷ்டக்காரி கதை போலத் தெரிந்திருக்கும். அல்லது அப்படித் தெரிந்திருக்காது, இது என் மிகையாகவும் இருக்கலாம். மறுநாள் இரண்டு பேர் போன் செய்து பாராட்டினார்கள். இருவரும் பாராட்டியது பாகைத்தான்.

சிந்துவைப் பற்றி எழுதும்போது அவர் ஸ்மாஷை எழுதினோம், உயரத்தை எழுதினோம். பக்கத்து நாட்டுப் பெண்ணுக்கு மட்டும் வறுமை போதும் என்று எப்படித் தோன்றியது? அந்தப் பெண் இதைக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் பதில் சொல்லித் தப்பியிருப்பேன்.

2016 ஏப்ரலில் ரட்சனோக் இந்தியா, மலேசியா, சிங்கப்பூர் என்று அடுத்தடுத்த மூன்று வாரத்தில் மூன்று சூப்பர் சீரிஸ் (அன்றைய முதல்தர சர்வதேசப் போட்டித் தொடர்) பட்டம் வென்று உலகத் தரவரிசையில் முதலிடத்துக்கு வந்தார். இம்முறை 250 வார்த்தைக்கு இடம் இருந்தது. டிரெய்னி வேலையை விட்டுப்போய் வெகுநாளாகியிருந்தது. முதல் வரியில் பாகு அண்டா, இரண்டாம் வரியில் ஆறு வயது என்று அடித்து முடித்தேன். யாரும் வந்து எதுவும் கேட்கவில்லை.