நைஸ்: ஏழு நூற்றாண்டுப் பயணம்

ஆங்கிலக் கட்டுரை எழுதக் கற்றுக்கொடுப்பவர்கள் பலர் ‘நைஸ்’ என்ற சொல்லைக் கண்டாலே சிவப்பு மையால் அடித்துவிடுவார்கள். எதற்கும் பொருந்துகிற சொல் எதையும் சொல்வதில்லை என்பது அவர்கள் வாதம். எனக்கு அதில் உடன்பாடில்லை. பழைய ஆங்கிலக் கடிதங்களையும் நாவல்களையும் தமிழாக்குவது என் வேலை. அருஞ்சொல் வந்தால் அகராதியைப் புரட்டிவிட்டு மேலே போய்விடலாம். என்னை அதிக நேரம் நிறுத்திவைப்பது இந்தச் சின்னஞ்சிறு பெயரடைதான். ‘நல்ல’, ‘இனிய’ என்று எழுதிவிடக் கை பரபரக்கும். எழுதியவர் எந்த நூற்றாண்டுக்காரர் என்று பார்க்காமல் அப்படி எழுதக் கூடாது.

லத்தீனில் ‘ஸ்கிரே’ என்றால் அறிதல். எதிர்மறை காட்டும் ‘நெ’ அதன் முன்னால் சேர்ந்து ‘நெஸ்கியுஸ்’ ஆனது: ஒன்றும் அறியாதவர். அது பழைய பிரெஞ்சில் தேய்ந்து, 1300 வாக்கில் ஆங்கிலத்துக்குள் நுழைந்தபோது ‘முட்டாள்தனமான’ என்பதே பொருள். 14ஆம் நூற்றாண்டுக் கவிஞர் சாசர் காலத்தில் ஒருவரை நைஸ் என்று சொல்லியிருந்தால் அவர் மகிழ்ந்திருக்க மாட்டார். அதே ‘ஸ்கிரே’யிலிருந்துதான் ‘சயன்ஸ்’ வந்தது, மனசாட்சியைக் குறிக்கும் ‘கான்ஷன்ஸ்’ வந்தது. அறிவியலுக்கும் அறியாமைக்கும் ஒரே வேர் என்பது இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் எனக்கு வியப்பாகவே இருக்கிறது.

அதன் பிறகு இந்தச் சொல் நேர்கோட்டில் நடக்கவில்லை. கூச்சம், தொட்டாற்சுருங்கித்தனம், எதிலும் குறை காண்கிற சுபாவம், மென்மை, நுணுக்கம், துல்லியம் என்று பல பொருள்கள் அடுத்தடுத்து வந்து ஒட்டிக்கொண்டன. புதியது வந்ததும் பழையது விலகிவிடவுமில்லை. நான்கைந்து பொருள்கள் ஒரே காலத்தில் புழங்கின. 16, 17ஆம் நூற்றாண்டு எழுத்துகள் பலவற்றில் இச்சொல் எந்தப் பொருளில் ஆளப்பட்டது என்று சொல்வது கடினம் என ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியே குறிப்பிட்டிருக்கிறது. அகராதிக்காரர்களே தயங்கிய இடத்தில் மொழிபெயர்ப்பாளர் தயங்குவதில் தவறில்லை.

ஷேக்ஸ்பியரின் ‘ரோமியோ ஜூலியட்’டைப் பாருங்கள். சண்டை எவ்வளவு நைஸானது என்பதை எண்ணிப் பார்க்கும்படி எதிரி டைபால்ட்டிடம் ரோமியோ கேட்டதாக, ரோமியோவின் நண்பன் பென்வோலியோ சொல்கிறான். இனிமையான சண்டை இல்லை; அற்பமான சண்டை. கடைசி அங்கத்தில், ரோமியோவிடம் போய்ச் சேராத கடிதத்தைப் பற்றிப் பாதிரியார் லாரன்ஸ் பதறும்போது, அது நைஸான கடிதம் அல்ல, முக்கியமான செய்தி கொண்டது என்கிறார். இங்கும் அதே பொருள்தான். இரண்டையும் சேர்த்துப் படித்தால் ஐயமே எழாது. தனித்தனியாகப் படிப்பவர் தடுமாறுவார்.

எனக்கு மிகவும் பிடித்த உதாரணம் பிரிட்டிஷ் தளபதி வெலிங்டனுடையது. 1815 ஜூன் 18 அன்று வாட்டர்லூவில் நெப்போலியனைத் தோற்கடித்த மறுநாள், பிரசல்ஸில் தாமஸ் கிரீவி என்ற ஆங்கில அரசியல்வாதியிடம் பேசியபோது, ஒரு வசைச்சொல்லைச் சேர்த்து, அது மிகவும் ‘நைஸான’ விவகாரம் என்றார். தம் தரப்பில் முப்பதாயிரம் பேரை இழந்ததாக அதே பேச்சில் சொன்னவர், போரை இனிமையானது என்று சொல்லியிருப்பாரா? இரு பக்கமும் சரிசமமாக நின்று, எந்தப் பக்கமும் சாய்ந்திருக்கக்கூடிய நிலையைத்தான் அவர் சொன்னார். இதற்குத் தமிழில் ‘மயிரிழை’ என்ற அருமையான சொல் இருக்கிறது. ‘மயிரிழையில் கிடைத்த வெற்றி’ என்று எழுதினால் அந்தத் தளபதியின் பெருமூச்சு கேட்கும்.

இன்று நாம் அறிந்த ‘இனிமையான’ என்ற பொருள் 18ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில்தான் பரவியது. ‘அன்பான’ என்பது அதற்கும் பிந்தியது. ‘சில்லி’ என்ற சொல் இதற்கு நேரெதிராகப் பயணித்தது. பேறு பெற்றவர் என்ற பொருளில் தொடங்கி, கள்ளமறியாதவர், பாவம் பிடித்தவர் என்று இறங்கி, அசட்டுத்தனத்தில் போய் நின்றுவிட்டது.

உச்சரிப்பிலும் வரலாறு ஒளிந்திருக்கிறது. இடைக்கால ஆங்கிலத்தில் இதன் உயிரொலி நெடில் ‘ஈ’; ‘நீஸ்’ என்பதற்கு நெருக்கமாக ஒலித்திருக்கும். 15ஆம் நூற்றாண்டு வாக்கில் தொடங்கி, ஆங்கிலத்தின் நெடில் உயிர்கள் எல்லாம் இடம் பெயர்ந்த மாபெரும் உயிரொலி மாற்றத்தில் ‘ஈ’ மெல்ல ‘ஐ’ ஆயிற்று. ஒலி மாறியது, எழுத்து அப்படியே நின்றுவிட்டது. ‘போலீஸ்’ என்பதன் கடைசி மூன்று எழுத்துகளும் ஆங்கிலத்தில் ‘நைஸ்’ என்பதில் உள்ள அதே ‘ice’தான். அதுவும் பிரெஞ்சிலிருந்து வந்ததுதான். ஆனால் பின்னாளில் வந்ததால் ‘ஈ’யைக் காப்பாற்றிக்கொண்டது. ஆங்கில எழுத்துக்கூட்டலில் ஒழுங்கே இல்லை என்று சலித்துக்கொள்பவர்களிடம் இந்த இரண்டு சொற்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டுவேன். வந்த காலம் தெரிந்தால் ஒழுங்கு தெரியும்.

ஒலிக்கும்போது கவனிக்க ஒன்று உண்டு. இறுதியில் வருவது தூய ‘ஸ்’, தொண்டை அதிராது. அதனாலேயே முன்னால் உள்ள ‘ஐ’ சற்றுக் குறுகி ஒலிக்கும். அரிசியைக் குறிக்கும் சொல்லையும் எழுவதைக் குறிக்கும் சொல்லையும் நாம் தமிழில் ‘ரைஸ்’ என்று ஒன்றாகவே எழுதுகிறோம். ஆங்கிலத்தில் முதலாவதில் உயிர் குறுகும். இரண்டாவதில் தொண்டை அதிர, உயிர் நீளும். ‘நைஸ்’ முதல் வகை.

சொல்லை அடித்துவிடச் சொல்பவர்கள் நாவலாசிரியை ஜேன் ஆஸ்டினைத் துணைக்கு அழைப்பதுண்டு. 1817 இறுதியில் வெளியான ‘நார்தாங்கர் அபே’யில் ஒரு நாவலை நைஸ் என்று கதாநாயகி கேத்தரின் சொல்ல, ஹென்றி டில்னி கேலி செய்கிறான்: இன்று நைஸான நாள், நாம் நைஸான நடை நடக்கிறோம், நீங்கள் நைஸான பெண்கள், எல்லாவற்றுக்கும் ஆகும் சொல்! ஆதியில் அது நேர்த்தியையும் நுண்மையையும் குறித்திருக்கலாம் என்றும் சொல்கிறான். ஆதிப் பொருள் மடமை என்பது அவனுக்குத் தெரியவில்லை. அதைவிட, அடுத்து அவன் தங்கை எலினோர் சொல்வதை யாரும் எடுத்துக்காட்டுவதில்லை. அந்தச் சொல் உனக்குத்தான் பொருந்தும், நீ விவேகி என்பதைவிட நைஸானவன் என்கிறாள். எதிலும் நொட்டை சொல்பவன் என்ற பழைய பொருளைக் கொண்டே அவன் வாயை அடைக்கிறாள். வெற்றுச் சொல்லால் இப்படி ஓர் அடி கொடுக்க முடியாது.

இந்த வரியைத் தமிழாக்க ‘நைஸ்’ என்றே விட்டுவிட்டால் அடி விழாது. நம் ‘நைசாக’வில் வழவழப்பும் சத்தமில்லாமல் நழுவுவதும் உண்டு, குறை காண்பது இல்லை. இப்போதைக்கு நான் வைத்திருப்பது இது: “அண்ணா, உனக்கு நுணுக்கம் இருக்கிற அளவுக்கு விவேகம் இல்லை.”