கண் முன்னால் சாம்பல், முதுகுக்குப் பின்னால் வண்ணம்

வீட்டில் ஓர் அறையை ஸ்டுடியோவாக மாற்றும் ஃப்ரீலான்ஸர்கள் பெரும்பாலும் சாமான்களில்தான் தொடங்குகிறார்கள். தேக்குநிற மேசை, மேலே மஞ்சளொளி விளக்கு, எதிர்ச்சுவரில் நான்கு ஃபிரேம், மானிட்டருக்குப் பின்னால் கலர் மாறும் எல்இடி பட்டை. படம் எடுத்துப் போட்டால் அறை ஜோராகத்தான் இருக்கும். அங்கே உட்கார்ந்து திருத்திய புகைப்படம் அச்சில் மஞ்சளடித்து வரும்போதுதான் கோளாறு எங்கே என்று தேட ஆரம்பிப்பார்கள்.

எதையும் வாங்கும் முன் அறையை மனதில் இரண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள். கண்ணுக்கு எதிரே இருப்பது வேலைக்கான பாதி. அங்கே அழுத்தமான நிறமும் வேண்டாம், பளபளப்பும் வேண்டாம். முதுகுக்குப் பின்னால் இருப்பது வீடியோ காலில் வாடிக்கையாளர் பார்க்கும் பாதி. ஆசைப்பட்ட நிறம், படம், செடி எல்லாம் அங்கே போகட்டும். பலரும் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். ரசித்து வாங்கியதையெல்லாம் கண்ணெதிரே மாட்டிவிட்டு, பின்னால் துணி அலமாரியைக் காட்டிக்கொண்டு பேசுவார்கள்.

எதிர்ச்சுவர்

புகைப்படம், ஓவியம், அச்சு வடிவமைப்பு, வீடியோ என்று நிறத்தோடு புழங்குபவர்களுக்கு மானிட்டருக்குப் பின்னால் தெரியும் சுவர் நடுநிலைச் சாம்பலாக இருக்க வேண்டும். நிறங்களை எண்ணால் குறிக்கும் மன்செல் அளவுகோலில் என்7 அல்லது என்8 என்னும் வெளிர் சாம்பல் போதும். அதைவிட அடர்த்தியாகப் போனால் அறை இருண்டுவிடும். கண் தன்னைச் சுற்றியுள்ள ஒளிக்குப் பழகி, அதையே வெள்ளை என்று எடுத்துக்கொள்ளும். மஞ்சள் சூழலில் இருப்பவருக்குத் திரை லேசாக நீலம் பூத்ததுபோல் தெரியும். அதைச் சரிசெய்வதாக நினைத்துப் படத்தில் மஞ்சளைக் கூட்டுவார். அச்சில் வருவது அந்த மஞ்சள்தான்.

கடையில் சாம்பல் என்று கேட்டு வாங்கும் பெயிண்டில் பெரும்பாலும் நீலமோ பச்சையோ ஒளிந்திருக்கும். வெள்ளையில் கறுப்பை மட்டும் கலந்தாலே நீலச் சாயல் வந்துவிடும். அதை அடக்கத் துளி மஞ்சள் ஆக்ஸைடு சேர்க்கச் சொல்ல வேண்டும். சுவரில் அடிக்கும் முன் ஓர் ஏ3 அட்டையில் இரண்டு கோட் அடித்து ஒரு நாள் காயவிடுங்கள். ஈரத்தில் தெரியும் நிறம் வேறு, காய்ந்தபின் வேறு. காய்ந்த அட்டையையும் 18 சதவீத கிரே கார்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஒரே ஃபிரேமில், கேமரா தானாகத் திருத்தாத ரா கோப்பாகப் படம் எடுங்கள். எடிட்டிங் மென்பொருளில் கிரே கார்டைத் தொட்டு ஒயிட் பேலன்ஸ் எடுத்துவிட்டு, அட்டையின் மேல் கர்சரை வைத்துச் சிவப்பு, பச்சை, நீல எண்களைப் பாருங்கள். மூன்றுக்கும் இடையே வித்தியாசம் 3, 4 எண்களுக்குள் நின்றால் அந்தக் கலவை சரி. நீலம் 10 கூடினால் மறுபடியும் கடைக்குப் போக வேண்டியதுதான்.

ஃபினிஷ் மேட்டாகவே இருக்கட்டும். பளபளப்பான பெயிண்டில் ஜன்னலும் விளக்கும் தெறிக்கும். மேட்டின் குறை, அழுக்குப் பட்டால் துடைக்க வராது, துடைத்த இடம் திட்டாகத் தெரியும் என்பது. அந்த இடத்தில் தொட்டு அடிக்க, மிஞ்சிய பெயிண்டைச் சிறு டப்பாவில் காற்றுப் புகாமல் மூடி வைத்துக்கொண்டால் போதும். அளவுக்கு ஒரு கணக்கு: 3 மீட்டர் அகலம், 2.6 மீட்டர் உயரமுள்ள சுவர் 7.8 சதுர மீட்டர். ஒரு லிட்டர் பெயிண்ட் ஒரு கோட்டுக்கு 10 முதல் 12 சதுர மீட்டர் வரை வரும். இரண்டு கோட்டுக்கு ஒன்றரை லிட்டர் பிடிக்கும்.

எழுத்தாளர்களும் இசைக்காரர்களும் இதையெல்லாம் தாண்டிப் போகலாம். பச்சைச் சுவர் வாக்கியத்தைக் கெடுக்காது. நிறத் திருத்தம் செய்பவர்கள் மட்டும் போட்டிருக்கும் சட்டையையும் கணக்கில் சேர்க்க வேண்டும். சிவப்பு டி-ஷர்ட்டோடு பளபளப்பான மானிட்டர் முன் உட்கார்ந்தால் திரையின் கறுப்புப் பகுதிகளில் சிவப்பு ஏறியிருப்பதைக் கண்ணாலேயே பார்க்கலாம்.

ஒளி

மேசையை ஜன்னலுக்குப் பக்கவாட்டில் போடுங்கள். ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்தால் கண் கூசும், ஜன்னல் முதுகுக்குப் பின்னால் இருந்தால் திரை முழுக்க அதன் பிம்பம் விழும். நிலநடுக்கோட்டுக்கு வடக்கே வடக்கு ஜன்னலில் நேர்வெயில் குறைவு, அதனால் ஒளி நாள் முழுவதும் ஓரளவு நிதானமாக இருக்கும். ஆனால் வெப்பமண்டலத்தில் ஜூனை ஒட்டிய மாதங்களில் சூரியன் வடக்கே சாய்ந்துவிடுவதால் அதே ஜன்னலில் வெயில் அடிக்கும். திரைச்சீலை வெள்ளையாகவோ சாம்பலாகவோ இருக்க வேண்டும். ஆரஞ்சுத் திரை மாட்டினால் பகல் முழுக்க அறையே ஆரஞ்சுதான்.

பல்பு வாங்கும்போது வாட்ஸை மட்டும் பார்த்துவிட்டு வந்துவிடாதீர்கள். அந்த ஒளியில் நிறங்கள் எவ்வளவு இயல்பாகத் தெரியும் என்று சொல்லும் சிஆர்ஐ எண் பெட்டியில் 95க்கு மேல் இருக்கிறதா என்று பாருங்கள். அதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. சிஆர்ஐ எண் என்பது எட்டு வெளிர் நிறங்களின் சராசரி. அடர் சிவப்பைக் குறிக்கும் ஆர்9 அதில் சேராது. தோல் நிறம், மரம், துணி ஆகியவை சரியாகத் தெரிய அந்த ஆர்9தான் முக்கியம். அதைத் தனியாகப் போட்டிருக்கும் பல்பையே எடுங்கள், 90ஐ ஒட்டியிருந்தால் நல்லது. அச்சுப் பிரதியைப் பார்க்க 5000 கெல்வின் (ஒளியின் நிற அளவு; எண் குறைந்தால் மஞ்சள், கூடினால் நீலம்), 500 லக்ஸ் (மேசையில் விழும் வெளிச்சம்) என்பது அச்சுத்துறை பயன்படுத்தும் ஐஎஸ்ஓ 3664 தரத்தில் உள்ள அளவு. மேசையின் ஓரத்தில் அப்படி ஒரு விளக்கு இருந்தால் போதும், அறை முழுக்க அந்த வெளிச்சம் தேவையில்லை. அச்சு வேலைக்கு மானிட்டர் வெளிச்சத்தைச் சதுர மீட்டருக்கு 100 முதல் 120 கேண்டெலாவுக்குள் வைப்பது வழக்கம். பெட்டியிலிருந்து எடுத்த மானிட்டர் 250, 300 என்று எரியும், அதனால்தான் பிரிண்ட் எப்போதும் இருட்டாக வந்ததுபோல் தோன்றுகிறது.

கலர் மாறும் எல்இடி பட்டைக்கு எதிர்ப்பாதியில் இடமில்லை. மானிட்டருக்குப் பின்னால் விளக்கு வேண்டுமென்றால் 6500 கெல்வின் வெள்ளைப் பட்டை ஒட்டுங்கள். அதன் ஒளி, திரையில் தெரியும் வெள்ளையின் பத்தில் ஒரு பங்குக்கு மேல் போகக்கூடாது. மலிவான டிம்மர்கள் விளக்கை வேகமாக அணைத்து அணைத்து ஏற்றித்தான் ஒளியைக் குறைக்கின்றன. கண்ணுக்குத் தெரியாது, கேமராவுக்குத் தெரியும். வாங்கியதும் ஒளியைப் பாதியாகக் குறைத்து, போனில் ஸ்லோ மோஷனில் படம் பிடியுங்கள். கறுப்புப் பட்டைகள் ஓடினால் அந்த விளக்கு வீடியோவுக்கு உதவாது. மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் உள்ள நாட்டில் ஷட்டர் 1/50, 60 ஹெர்ட்ஸ் என்றால் 1/60 வைத்தால் மெயினில் ஓடும் சாதாரண விளக்குகளின் படபடப்பு பெரும்பாலும் அடங்கிவிடும். டிம்மரின் படபடப்பு அதற்கு மசியாது.

இரவு வேலை முடிந்தபின் அதே அறையில்தான் புழங்குவீர்கள் என்றால், பின்பாதிக்கு 2700 கெல்வின் விளக்கைத் தனி ஸ்விட்சில் போட்டுக்கொள்ளுங்கள். வெள்ளை விளக்கும் மஞ்சள் விளக்கும் ஒரே நேரத்தில் எரியும் நிலை மட்டும் வேண்டாம். முகத்தின் ஒரு பாதி நீலமாகவும் மறுபாதி ஆரஞ்சாகவும் கேமராவில் விழும், ஒயிட் பேலன்ஸால் இரண்டையும் சேர்த்துச் சரிசெய்ய முடியாது.

முதுகுப் பக்கம்

இங்கே முதல் வேலை, கேமரா எவ்வளவு பார்க்கிறது என்று அளப்பது. வெப்கேமின் கிடைமட்டக் கோணம் 70 பாகை என்று வைத்துக்கொண்டால், சுவரில் தெரியும் அகலம் தூரத்தைப்போல் 1.4 மடங்கு. கேமராவிலிருந்து சுவர் 2.5 மீட்டர் என்றால் தெரிவது 3.5 மீட்டர் அகலம், கிட்டத்தட்ட 2 மீட்டர் உயரம். கேமராவை ஓடவிட்டு, படத்தின் நான்கு மூலைகள் சுவரில் எங்கே விழுகின்றன என்று பார்த்து மாஸ்கிங் டேப் ஒட்டுங்கள். அலங்காரம் அந்தக் கட்டத்துக்குள் மட்டும் போதும். வெளியே அயர்ன் டேபிள் நின்றாலும் ஒருவரும் கேட்கப்போவதில்லை.

சுவரில் மாட்டும் படத்தின் நடுப்பகுதி தரையிலிருந்து 145 முதல் 150 செ.மீ. உயரத்தில் இருக்க வேண்டும் என்பது நின்று பார்க்கும் காட்சிக்கூடத்துக்கான கணக்கு. வெப்கேம் இருப்பதோ உட்கார்ந்தவரின் கண்மட்டத்தில், 115 முதல் 125 செ.மீ. உயரத்தில். காட்சிக்கூடக் கணக்கில் மாட்டினால் கேமராவில் படம் மேலே ஏறி நிற்கும், கீழே வெறும் சுவர் தெரியும். 20 செ.மீ. இறக்கி மாட்டுங்கள், தலைக்கு நேர் பின்னால் வராமல் ஒரு பக்கமாகத் தள்ளி. பல ஃபிரேம்கள் என்றால் செய்தித்தாளை அதே அளவில் வெட்டி முதலில் ஒட்டிப் பார்ப்பது ஆணித் துளைகளை மிச்சப்படுத்தும். இடைவெளி 5 முதல் 7 செ.மீ. இருந்தால் தொகுப்பாகத் தெரியும், 12 செ.மீ. ஆனால் சிதறல்தான். கண்ணாடியில் விளக்கு தெறித்தால் ஃபிரேமின் மேல்விளிம்புக்குப் பின்னால் 1 செ.மீ. கனத்தில் ரப்பர் துண்டு ஒட்டி லேசாகக் கவிழ்த்துவிடுங்கள். அப்போது கண்ணாடி விளக்கைக் காட்டாமல் தரையைக் காட்டும். கண்ணாடியைக் கழற்றிவிடுவது அதைவிடச் சுலபம்.

சுவரை ஒட்டி உட்காராதீர்கள். முகத்துக்கும் சுவருக்கும் 2 மீட்டர் இருந்தால் அலங்காரத்தை ஒளியாலேயே கட்டுப்படுத்தலாம். முகவிளக்கு முகத்திலிருந்து 1 மீட்டரில் இருந்தால் சுவருக்கு அது 3 மீட்டர். ஒளி தூரத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் குறைவதால் சுவரில் விழுவது ஒன்பதில் ஒரு பங்குதான். வெள்ளைச் சுவர்கூட அப்போது சாம்பலாக அடங்கி நிற்கும். அதன்மேல் ஒரு சிறு விளக்கைப் போட்டால் நீங்கள் காட்ட நினைத்த அலமாரி மட்டும் எடுப்பாகத் தெரியும். திருத்த வேலைக்கு உட்காரும்போது அந்த விளக்கை அணைத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் பின்பாதியின் வண்ணமெல்லாம் மானிட்டரில் பிரதிபலிக்கும்.

பின்பாதிதான் எதிரொலியை அடக்கவும் நல்ல இடம். பாட்காஸ்ட், பின்னணிக் குரல் பதிவு செய்பவர்கள் ஒட்டும் மெல்லிய ஃபோம் துண்டுகளைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். 2.5 செ.மீ. ஃபோம் கூர்மையான உயர் ஒலிகளை மட்டுமே உறிஞ்சும். குரலின் அடிப்பகுதி அப்படியே சுவரில் மோதித் திரும்புவதால், பெட்டிக்குள்ளிருந்து பேசுவதுபோல் பதிவாகும். முட்டை அட்டை அதைவிட மோசம், தூசி சேர்ப்பதோடு சரி. 60 × 120 செ.மீ. மரச்சட்டத்தில் 5 செ.மீ. கனமுள்ள ராக்வூல் (கல்லிழை) பலகையை வைத்து, காற்று ஊடுருவும் துணியால் போர்த்தி, சுவரிலிருந்து 5 செ.மீ. இடைவெளி விட்டு மாட்டுங்கள். அந்த இடைவெளி செலவில்லாமல் பலகையைத் தாழ்ந்த ஒலிகளுக்கும் பயன்பட வைக்கிறது. துணியில் வாயை வைத்து ஊதிப் பாருங்கள், மறுபக்கம் காற்று வந்தால் அது உதவும். ரெக்ஸின் உதவாது. ராக்வூலை வெட்டும்போது கையுறையும் முகக்கவசமும் கட்டாயம், இழைகள் தோலில் குத்தும். பேசுபவரின் வாய் எதிர்ச்சுவரைப் பார்ப்பதால் அங்கே ஒன்று, அவர் முதுகுக்கு நேர் பின்னால் இரண்டு என்று வைத்துக் கைதட்டிப் பாருங்கள். தட்டல் 'டிங்' என்று நடுங்கினால் பக்கச் சுவர்களில் ஒன்றுக்கும் பலகை வேண்டும். பின்னால் வருபவற்றுக்குப் பிடித்த நிறத் துணி, எதிரே வருவதற்குச் சாம்பல். இதெல்லாம் அறைக்குள் எதிரொலியைத்தான் குறைக்கும். பக்கத்து வீட்டு டிரில் சத்தத்தை எந்தப் பலகையும் தடுக்காது.

புத்தக அலமாரிக்கு 18 மி.மீ. ப்ளைவுட் என்றால் பிராக்கெட்டுகளுக்கிடையே 80 செ.மீ. வரை விடலாம். எம்டிஎஃப், பார்ட்டிகிள் போர்டு என்றால் 60 செ.மீ.யைத் தாண்டாதீர்கள், சில மாதங்களில் நடுவில் தொய்ந்துவிடும். பெரிய அளவு ஓவியப் புத்தகங்கள் அடுக்கிய 1 மீட்டர் தட்டு 30 கிலோவை எளிதில் தொடும். கொக்கி மாட்டத் துளைகள் நிறைந்த பெக்போர்டைச் சுவரோடு அறைந்துவிட்டால் கொக்கிகள் உள்ளே நுழையாது. பின்னால் 2 செ.மீ. ரீப்பர் சட்டம் கொடுத்து மாட்ட வேண்டும். வாடகை வீட்டில் துளை போட முடியாதவர்கள் ஒட்டும் பட்டைகளை நம்புவார்கள். பெயிண்ட் அடித்து ஒரு வாரமாவது ஆகியிருக்க வேண்டும். ஐசோபுரோபைல் ஆல்கஹாலால் சுவரைத் துடைத்து, அரை நிமிடம் அழுத்தி, ஒரு மணி நேரம் கழித்தே கனத்தை ஏற்ற வேண்டும். அப்படியும் கேமராவுக்கு மேலேயோ தலைக்கு மேலேயோ அந்தப் பட்டையில் எதையும் தொங்கவிடாதீர்கள்.

ஒயர்களை மேசைக்கு அடியில் ஒரு கம்பித் தட்டில் சேர்த்து வெல்க்ரோவால் கட்டுங்கள். பிளாஸ்டிக் டை போட்டால் ஒவ்வொரு மாற்றத்துக்கும் கத்தரி தேட வேண்டும். மின் ஒயரும் மைக் ஒயரும் ஒன்றாக ஓடினால் ஹம் சத்தம் ஏறும். குறுக்கே போகத்தான் வேண்டுமென்றால் செங்குத்தாகக் கடக்கட்டும். ஒரு எக்ஸ்டென்ஷன் போர்டில் இன்னொன்றைச் செருகாதீர்கள். செடித் தொட்டி எதுவானாலும் இந்தத் தட்டுக்கு நேர்மேலே வேண்டாம். பொருட்களைப் படம் எடுக்கும் ஜன்னலோரத்திலும் வேண்டாம், இலையில் பட்டுத் தெறிக்கும் ஒளி வெள்ளைப் பொருளில் பச்சை பூசிவிடும். லென்ஸும் காகிதமும் வைக்கும் அலமாரியை வெளிச்சுவரிலிருந்து கையகலம் தள்ளிப் போட்டு, உள்ளே ஒரு ஈரப்பதமானியும் சிலிகா ஜெல்லும் வையுங்கள். முள் 40க்கும் 50க்கும் இடையில் நிற்க வேண்டும். 60ஐத் தாண்டியே நாள்கணக்கில் நின்றால் சிலிகா ஜெல்லைச் சூடாக்கிக் காயவைத்து மறுபடி வையுங்கள். லென்ஸில் ஒருமுறை பூஞ்சை பிடித்தால் துடைத்த பிறகும் கோட்டிங்கில் தடம் நின்றுவிடும்.